குறைமாதப் பிள்ளைகளுக்காக ஒரு மாலை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

நவம்பர் 17 உலகக் குறைமாதப் பிறப்பு நாள். அதையொட்டி, குறைமாதப் பிறப்பு பற்றிய ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க யாழ்ப்பாணத்தில் ஒரு மாலை நிகழ்ச்சி வைக்கிறோம் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் குறைமாதப் பிள்ளைகள் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள், ஏற்பாட்டுக் குழுவிலும் இருக்கிறேன். டொக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

சாவகச்சேரியில் இருந்து ஒரு அண்ணை: மிஸ், ஆஸ்பத்திரிக்கு ஒரு இன்கியுபேற்றர் வாங்கிக் கொடுத்தால் பெயராவது எழுதி வைக்கலாம். ஆராய்ச்சி என்றால் ஆர் காசு தரப்போகினம்?

அண்ணை, இன்கியுபேற்றர் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கதை கேளுங்கள். 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பற்றிக் ஐந்தரைக் கிழமை முந்திப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்கு மேல். நுரையீரல் சரியாக விரியவில்லை, இரண்டு நாளில் போய்விட்டான். தகப்பனிடம் இல்லாத காசா, அதிகாரமா? மருந்துதான் உலகத்தில் இல்லை. இன்றைக்கு அந்த எடையில், அந்தக் கிழமையில் பிறக்கும் பிள்ளையைப் பெரும்பாலும் தாயோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

நடுவில் என்ன நடந்தது? காற்றறைகள் ஒட்டிப்போகாமல் வைத்திருக்கும் சேர்பக்ரன்ற் என்ற பொருள் போதாததுதான் காரணம் என்று மேரி எலன் ஏவரி என்ற அமெரிக்க டொக்டர் 1959இலேயே கண்டுவிட்டார். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பலன் காட்ட ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற டொக்டருக்கு 1980 ஆகிவிட்டது. இன்னொரு பக்கம் நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற டொக்டர், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று அறியச் செம்மறி ஆடுகளுக்கு ஸ்டீரொயிட் கொடுத்துப் பார்த்தார். செத்திருக்க வேண்டிய குறைமாதக் குட்டி ஒன்று மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது! அவரும் ஹோவி என்ற இன்னொரு டொக்டரும் அதையே தாய்மாரில் சோதித்து 1972இல் வெளியிட்டார்கள். இன்றைக்கு, முந்திப் பிறக்கப்போகும் பிள்ளையின் தாய்க்குப் போடும் ஊசி அதுதான். விலை அற்பம், கண்டுபிடிப்புக்குத்தான் செலவு. பெயர்ப்பலகை தொங்கவிட இடமில்லை, உண்மைதான்.

பல்கலைக்கழக மாணவர் ஒருவர்: வெளிநாட்டில் கண்டுபிடித்தாயிற்றே. இங்கே எதற்கு மறுபடியும்?

தம்பி, நல்ல கேள்வி. அந்த ஊசியே பதில். வசதி குறைந்த ஆறு நாடுகளில் அதைக் கிராம மட்டம் வரை பரவலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. எதிர்பார்த்த பலன் இல்லை. மொத்தப் பிள்ளைகளில் இறப்பு சற்றுக் கூடியும் இருந்தது! கர்ப்ப நாள் கணக்குப் பிழைத்து, தேவையில்லாதவர்களுக்கும் ஊசி போயிருக்கலாம் என்பது சந்தேகம். பிறகு உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பங்களாதேஷ், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆஸ்பத்திரிகளில், ஸ்கான் செய்து கர்ப்ப நாள் கணக்கை உறுதிப்படுத்தி, மறுபடி சோதித்தது. 2020இல் முடிவு: இறப்பு குறைகிறது. ஒரே மருந்து, கொடுக்கும் இடத்தையும் விதத்தையும் பொறுத்து இரண்டு முடிவு. ஆகவே எங்கள் தாய்மாருக்கு எது பலன் தரும் என்று எங்கள் கிளினிக்கில்தான் ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

ரொறன்ரோவில் இருந்து ஒரு தங்கச்சி: காசு அனுப்பத் தயார். ஆனால் ஊரில் சேர்த்த காசு எங்கே போனது என்று தெரியாமல் போன கதைகள் எங்களுக்குத் தெரியும்.

கேட்டது சரி, கோபிக்க ஒன்றுமில்லை. யார் கேட்டாலும் மூன்று விஷயம் பாருங்கள். தனிஆளின் கணக்குக்கு அனுப்பாதீர்கள். சங்கத்தின் பெயரில், இரண்டு கையெழுத்தில் இயங்கும் கணக்கு வேண்டும். ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்ததா என்று கேளுங்கள். அது இல்லாமல் தாய்மாரிடம் ஒரு துளி இரத்தமும் எடுக்கக்கூடாது. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு போனது என்ற கணக்கை வாங்குங்கள். சேர்ந்ததில் பாதி பிரியாணிக்குப் போன நிகழ்ச்சிகளை நானும் பார்த்திருக்கிறேன்.

நல்லூரில் இருந்து ஒரு அக்கா: நிகழ்ச்சியை எப்படி நடத்தப் போகிறீர்கள்? நாங்கள் என்ன செய்யலாம்?

முதலில் திகதி. நவம்பர் 21இல் மாவீரர் வாரம் தொடங்கிவிடும், அந்த வாரத்தில் பாட்டுக் கச்சேரி வைக்க யாருக்கும் மனம் வராது. சில வருடம் கந்தசஷ்டியும் அந்தப் பக்கம் வரும், ஆகவே சாப்பாடு சைவம். மழைக்காலம் வேறு, திறந்த வெளி வேண்டவே வேண்டாம், மண்டபம்தான். ரிக்கெற் விற்பதால் களியாட்ட வரி பற்றி மாநகரசபையில் முதலே பேசி முடிக்க வேண்டும்.

மேடைக்கு முன்னால் ஒரு கொடிக்கயிறு கட்டி மேசு (காலுறை) தொங்கவிடுவோம்: ஒன்பது சோடி சாதாரணப் பிள்ளை மேசு, நடுவில் ஊதா நிறத்தில் ஒரு குட்டிச் சோடி. 37 கிழமைக்கு முன் பிறப்பது உலகத்தில் பத்தில் ஒரு பிள்ளை. 2020இல் மட்டும் 13.4 மில்லியன். பேச்சாளர் அரை மணித்தியாலம் விளக்குவதை அந்தக் கொடி சொல்லிவிடும். (பேச்சாளர்களுக்கு ஆளுக்குப் பத்து நிமிடம்தான். பொன்னாடையும் இல்லை.) அப்புறம் நாதஸ்வரம், தவில், கடைசியில் ஏலம். கோயில் மாம்பழத்தையே போட்டி போட்டு ஏலம் எடுக்கிற ஊர் இது, நல்லாகப் போகும்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம். பிள்ளையை இழந்த தாயை மேடையில் ஏற்றி அழவைத்துக் காசு கேட்கமாட்டோம். குழாய் பூட்டிய பிள்ளையின் படத்தையும் திரையில் போடமாட்டோம்.

பெயர் சொல்லாத ஒருவர்: ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது என்று அம்மம்மா சொல்லுவா. உண்மையா?

இல்லை. நிறைமாதம் வரை வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு கிழமையும் பிள்ளைக்கு லாபம். பழைய கிரேக்க வைத்தியத்திலும் இதே நம்பிக்கை இருந்தது, அம்மம்மா மட்டும் சொன்னதில்லை.

கொக்குவில்: பப்பாப்பழம் சாப்பிட்டதால்தான் பிள்ளை முந்திப் பிறந்தது என்று மாமியார் வீட்டில் குத்திக் காட்டுகிறார்கள்.

தொற்று, இரத்த அழுத்தம், இரட்டைப் பிள்ளை, கருப்பை வாய் நீளக் குறைவு என்று காரணங்கள் பல. பெரும்பாலும் ஒரு காரணமும் பிடிபடுவதில்லை. நாங்கள் காசு சேர்ப்பதே அதற்காகத்தான். ஒருநாள் சாப்பிட்ட பழுத்த பப்பாப்பழத்தை விடுங்கள். மாமியாரையும் நிகழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

பருத்தித்துறை: முதல் பிள்ளை 32 கிழமையில் பிறந்தது. அடுத்ததற்கு என்ன செய்வது?

நாள் தள்ளியதும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்து, முதல் பிள்ளையின் கதையை வாயால் சொல்லுங்கள். கார்ட்டில் இருக்கும்தானே என்று விடாதீர்கள். கருப்பை வாயின் நீளத்தை ஸ்கானில் பார்ப்பார்கள், குறைவாக இருந்தால் புரோஜெஸ்தரோன் மருந்து உதவும். சிலருக்கு அஸ்பிரின் கொடுப்பதும் உண்டு, ஆனால் அதைப் பார்மசியில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். விட்டு விட்டு வயிறு இறுகுதல், நீர் கசிவு, இரத்தம், இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மானிப்பாய்த் தகப்பன் ஒருவர்: பிள்ளையை நெஞ்சோடு கட்டி வைத்திருக்கச் சொல்கிறார்கள். துடக்கு கழியட்டும் என்கிறார் அம்மா.

துடக்கு முப்பத்தொன்றோடு கழியும். பிள்ளையின் உடல்சூடு அதுவரை காத்திராது. இன்கியுபேற்றர் போதாத கொலம்பியாவில் 1978இல் தொடங்கிய முறை இது. இந்தியாவும் நான்கு ஆபிரிக்க நாடுகளும் சேர்ந்த ஆய்வு 2021இல் வந்தது. பிறந்த உடனேயே தாயின் தோலோடு தோலாக வைத்தால் இறப்பு கால்வாசி குறைகிறது. தாய் ஓய்வெடுக்கும்போது நீங்களும் வைத்திருக்கலாம். சேர்ட்டைக் கழற்றிவிட்டு.

உடுவில் அக்கா: கம்பளித் தொப்பி பின்னித் தரலாமா?

ஏலத்துக்குத் தாருங்கள், சந்தோசம். பிரிவுக்கு என்றால் கம்பளி வேண்டாம், மெல்லிய பருத்தியில். அளவை முதலில் வார்ட் சிஸ்டரிடம் கேளுங்கள். எல்லாரும் பெரிதாகவே தைத்துக்கொண்டு வருவார்கள்.