555 நோட்டு

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில், பொங்கோலில் மனைவி, மூன்று வயது மகளுடன் இருக்கிறேன். மென்பொருள் எழுதுபவன். சென்ற ஆண்டு 12 இலக்குகள் வைத்தேன், 3தான் முடிந்தன. ரஸ்ட் என்ற நிரல்மொழி இரண்டாம் அத்தியாயத்தோடு நின்றது. நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில், நிரல் எழுதிச் சேர்த்த நாளுக்கு ஒரு பச்சைக் கட்டம் விழும்; தினம் ஒன்று என்பது மார்ச்சிலேயே அறுந்துவிட்டது. பயிற்சிக்கென்று அரசு தந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 500 வெள்ளியைத் தொடவே இல்லை. இந்த ஆண்டு 17 இலக்குகள் எழுதியிருக்கிறேன். ஏஐ வந்தபிறகு புதிய மொழி கற்பதில் பயன் உண்டா? நீங்கள் இலக்குகளை எப்படி முடிக்கிறீர்கள்?

அன்புள்ள தம்பி,

பன்னிரண்டில் மூன்று முடித்தவருக்குப் பதினேழு எங்கிருந்து வந்தது? பழைய பாக்கி ஒன்பதின் மேல் வட்டி ஏற்றி எழுதியிருக்கிறீர்கள்.

ரஸ்ட் பிடித்திருந்தால் படியுங்கள். பச்சைக் கட்டத்தை விட்டுவிடுங்கள். தொடர்ந்து எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டுவதை கிட்ஹப்பே 2016-இல் எடுத்துவிட்டது. ஏஐ பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

என்னை உறுத்தியது வேறு. ஒன்பது முடியவில்லை என்கிறீர்கள், ஏன் முடியவில்லை என்று ஒரு வரிகூட இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால், யார் மேலும் பழி போடாமல் எங்கே பிசகியது என்று மறுநாள் நிமிடக் கணக்காக எழுதுகிறீர்கள். போஸ்ட்மார்ட்டம் என்று அதற்குப் பெயர்கூட உண்டு. சொந்த வாழ்க்கையின் ஒரு வருஷத்துக்கு அந்த மரியாதை கிடையாதா?

சென்ற வாரம் அலமாரியை ஒழித்தபோது ஒரு 555 நோட்டு கிடைத்தது. அதிலிருந்து இதே நினைப்புதான்.

1999-இல் ஷென்டன் வேயில் ஓர் அலுவலகத்தில், கோபோல் என்ற பழைய மொழியில் இருந்த நிரல்களில் இரண்டு இலக்க ஆண்டை நான்கு இலக்கமாக்கிக்கொண்டிருந்தேன். 2000 பிறந்ததும் '00' என்பதைக் கணினிகள் 1900 என்று எடுத்துக்கொண்டு குழம்பும் என்ற பயம். டிசம்பர் 31 இரவு ஒன்றும் ஆகவில்லை. கைகுலுக்கிவிட்டு விடியற்காலையில் வீட்டுக்குப் போனோம். 2000 பிப்ரவரி 29, செவ்வாய்க்கிழமை, நான் எழுதிய வட்டிக் கணக்கு அந்தத் தேதியையே ஏற்கவில்லை. நூறால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு ஆகாது என்று எழுதியிருந்தேன். நானூறால் வகுபட்டால் ஆகும் என்பதை விட்டுவிட்டேன்.

பக்கத்து மேசையில் இருந்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு 555 நோட்டு இருக்கும். மளிகைக்கடையில் கடன் எழுதுவார்களே, அந்தக் கையகல நோட்டு. கடைக்காரர் கடன் எழுதுகிற இடத்தில் இவர் அன்றைக்குப் பிசகியதை எழுதுவார். தினம் ஒரு வரி, பென்சிலில்.

அன்று மாலை எல்லாம் சரியானதும் என்னை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்கு அழைத்துப் போனார். தே தாரிக், அதான் இழுத்து ஆற்றிய பால் தேநீர், வந்தது. நான் தலைநிமிரவில்லை. அவர் நோட்டை எடுத்து என் எதிரிலேயே எழுதினார்: "பிப். 29. நூறைப் பார்த்தோம், நானூறைப் பார்க்கவில்லை."

பார்த்தோம் என்று எழுதினார். அந்த நிரலை அவர் தொட்டதே இல்லை.

ஓய்வு பெற்ற அன்று அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். பென்சில் மங்கிவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இன்னும் படிக்க முடிகிறது.

ஒன்பதுக்கும் ஒன்பது வரி எழுதி அனுப்புங்கள். 'நேரமில்லை' என்று எழுதினால் ஏற்கமாட்டேன். மகளுக்குக் காய்ச்சல், வேலை போய்விடுமோ என்ற பயம், புத்தகம் புரியவில்லை, எதுவானாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அப்புறம் அந்தப் பதினேழைச் சேர்ந்து பார்ப்போம்.