கடைசி நாளில் ஒரு புலி

கேள்வி: கணவருடன் ஒரு வாரச் சுற்றுலாவாக லண்டன் செல்கிறேன். எர்ல்ஸ் கோர்ட் பகுதியில் விடுதி அறை எடுத்திருக்கிறோம். கடைசி நாள் காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். ஹீத்ரூவிலிருந்து பெங்களூரு விமானம் இரவு 9 மணிக்குத்தான். அந்த இடைவெளியில் உறவினர்களுக்கு வேண்டியதை ஆக்ஸ்போர்டு தெருவில் வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். வேறு யோசனை உண்டா?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: வாங்க வேண்டியதை முந்தைய நாளே வாங்கி, பெட்டிகளை எடைபோட்டுக் கட்டி வைத்துவிடுங்கள். என் முதல் லண்டன் பயணத்தின் கடைசி நாளை நான் கடை கடையாக ஏறி இறங்கியே கழித்தேன். ஊர் திரும்பும் வழியில், பேருந்து சன்னலுக்கு வெளியே நம் கிருஷ்ணகிரிக் கோட்டை இருக்கும் சையத் பாட்சா மலை தெரிந்தபோதுதான் எதைப் பார்க்காமல் வந்துவிட்டேன் என்பது உறைத்தது. அந்தக் குறை அடுத்த பயணத்தில்தான் தீர்ந்தது. உங்களுக்கு அது நேர வேண்டாம்.

பெட்டிகளை விடுதி வரவேற்பறையிலேயே கேட்டு ஒப்படைத்துவிட்டு (அருங்காட்சியகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிவைக்க மாட்டார்கள்), பிக்காடில்லி தடச் சுரங்க ரயிலில் இரண்டாவது நிறுத்தமான சவுத் கென்சிங்டனில் இறங்குங்கள். அங்குள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அனுமதி இலவசம். திப்பு சுல்தானின் மரப்புலி அங்கேதான் இருக்கிறது. காட்சியறைகளை அவ்வப்போது புதுப்பிப்பதற்காக மூடுவார்கள் என்பதால், புலி எந்த அறையில் இருக்கிறது, அன்று பார்வைக்கு உண்டா என்பதை முன்கூட்டியே இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்லாந்து கிடக்கும் சிவப்புச் சட்டை ஐரோப்பியனின் கழுத்தில் பல் பதித்து நிற்கும் அந்தப் புலி, ஏறத்தாழ ஓர் ஆள் நீளம் இருக்கும். அதன் விலாவில் ஒரு கைப்பிடி உண்டு. அதைச் சுழற்றினால் உள்ளிருக்கும் துருத்திகள் காற்றை ஊத, வீழ்ந்தவனின் கை ஏறி இறங்கும். அவன் அலறலும் புலியின் உறுமலும் கேட்கும். புலியின் வயிற்றுக்குள் சிறிய ஆர்கன் இசைக்கருவி ஒன்றும் இருக்கிறது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலேயர் எடுத்துச் சென்ற பொருள் இது. கிருஷ்ணகிரிக்காரர் அதைப் பார்ப்பது வேறு மாதிரி. 1791இல் ஆங்கிலப் படை நம் மலைக்கோட்டையைத் தாக்கியும் பிடிக்க முடியாமல் திரும்பியது. அடுத்த ஆண்டு உடன்படிக்கையில்தான் நம் ஊர் அடங்கிய பாராமகால் பகுதி திப்புவின் கையைவிட்டுப் போனது. தினமும் அண்ணாந்து பார்க்கும் அந்தக் கோட்டையை ஆண்டவரின் பொருள், அவ்வளவு தொலைவில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பதைக் கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மாலை 4 மணிக்குக் கிளம்பினால் போதும். விடுதியில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, எர்ல்ஸ் கோர்ட்டிலிருந்து அதே பிக்காடில்லி தடத்தில் முக்கால் மணி நேரத்தில் ஹீத்ரூ போய்விடலாம். அந்த நிலையத்தில் மின்தூக்கி இருப்பதால் படிகளில் பெட்டி தூக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பயணிகள் கடையில் கட்டிய வரியை விமான நிலையத்தில் திரும்பப் பெறும் வசதி 2021 தொடக்கத்தோடு நின்றுவிட்டதால், அதற்காக நேரம் ஒதுக்க வேண்டாம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: எல்லா ரயில்களும் எல்லா முனையங்களுக்கும் போவதில்லை. விமானப் பயணச்சீட்டில் உள்ள முனைய எண்ணையும் ரயிலின் முகப்பில் எழுதியிருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏறுங்கள்.