தரவையில சனம் கூடிப்போச்சு: டிஸ்க் கோல்ஃப் கேள்வி பதில்

வணக்கம் எல்லாருக்கும். நான் வட்டக்கச்சிப் பக்கம் பிறந்து வளந்த ஆள், 11 வருசம் ஒஸ்லோவில பஸ் ஓடினன், அங்க பழகின டிஸ்க் கோல்ஃப் விசர் இன்னும் விட்டபாடில்லை. இப்ப ஊரோட வந்திட்டன். போன வருசம் குளக்கட்டுக்குக் கீழ இருக்கிற தரவையில பெடியளோட சேந்து 9 கூடை நட்டனாங்கள், சைக்கிள் றிம்மும் மாட்டுச் சங்கிலியும் வச்சு ஒட்டுவேலை செய்யிற அண்ணை ஒராள் செய்து தந்தவர். முதல் மாசம் நாங்கள் ஆறு பேர் தான். இப்ப பின்னேரம் 4.30க்குப் போனா வற்றாப்பளைப் பொங்கல் மாதிரிக் கிடக்கு. ஆளாளுக்கு போன் எடுத்து ஒரே கேள்வியையே கேக்கிறதால, கேக்கிறதெல்லாத்தையும் ஒண்டா அனுப்புங்கோ எண்டன். இந்தாங்கோ.

கேள்வி (பூநகரியிலயிருந்து ஒரு தம்பி): அண்ணை, உதென்ன விளையாட்டு? பிறிஸ்பி எறியிறதுக்கு என்னத்துக்கு வரிசை?

கோல்ஃப் மாதிரித் தான் தம்பி, பந்துக்குப் பதிலா தட்டு, குழிக்குப் பதிலா சங்கிலி தொங்கிற கூடை. துவங்கிற இடத்தை டீ எண்டுறது, குடிக்கிற ரீ இல்லை. டீயில நிண்டு எறியிறது, விழுந்த இடத்துக்கு நடந்து போய் அங்கயிருந்து திரும்ப எறியிறது, எத்தினை எறியில கூடைக்குள்ள போட்டனீரோ அது தான் கணக்கு, குறைய எறிஞ்சவன் வெண்டான். கலிபோர்னியாவில 1975இல எட் ஹெட்றிக் எண்டவர் ஓக் குறோவ் எண்ட பார்க்கில முதல் நிரந்தரக் கோர்ஸ், அதாவது விளையாடுற திடல், போட்டவர், அதில கூடையே இல்லை, கம்பம் தான். கம்பத்தில தட்டுப் பட்டதோ படேல்லையோ எண்டு வாய்த்தர்க்கம் வந்து வந்து தான் பிறகு சங்கிலிக் கூடை வந்தது. மனுசன் 2002இல செத்தாப் பிறகு அவர் கேட்டபடி சாம்பலைத் தட்டுக்குள்ள கலந்து வாத்தவை. நாங்கள் கீரிமலைக்குக் கொண்டுபோறம், அவையள் கூடைக்குள்ள எறியினம், அவ்வளவு தான் வித்தியாசம்.

வரிசை ஏன் எண்டா, முன்னால நிக்கிறவை விலகாமல் நீர் எறியேலாது. தட்டு பாக்கத் தான் விளையாட்டுச் சாமான், 170 கிராம் வரையில பாரம், விளிம்பு கெட்டி, மண்டையில பட்டா ஆஸ்பத்திரி தான்.

கேள்வி (கிளிநொச்சி ரவுணிலயிருந்து): நாங்கள் போனா எப்பவும் மூண்டாம் கூடையில தான் மாட்டுப்படுறம். நாலு குறூப் நிக்கும். மற்றக் கூடையள் சும்மா கிடக்கு. இது ஏன்?

இதைக் கேட்டதுக்கு உங்களுக்கு ஒரு பிளேன் ரீ வாங்கித் தரலாம். எல்லாரும் "சனம் கூடிப்போச்சு, சனம் கூடிப்போச்சு" எண்டு தான் புலம்புறது, எங்க கூடுது எண்டு ஒருத்தரும் பாக்கிறேல்லை.

ஒரு நாள் பின்னேரம் நான் விளையாடாமல் குளக்கட்டில குந்தியிருந்து போனில நேரம் பாத்தன். நாலு பேர் ஒரு கூடையை முடிக்க 7, 8 நிமிசம். மூண்டாவதில மட்டும் 12. காரணம் சனமில்லை, ஈச்சம் பத்தை. கூடைக்கு நேர பின்னால பத்தை கிடந்தது, கொஞ்சம் ஓங்கி எறிஞ்சாச் சரி, தட்டு அதுக்குள்ள. பிறகு நாலு பேரும் குனிஞ்சு கொண்டு "இஞ்ச தான் விழுந்தது" "இல்லையடா அங்கால" எண்டு தடியால கிண்டிக் கொண்டு நிப்பினம், பின்னால வந்தவை டீயில நிண்டு கச்சான் கொறிப்பினம்.

நெல்லு மில்லை யோசிச்சுப் பாருங்கோ. வாசலில எத்தினை லான்ட்மாஸ்ரர் மூட்டையோட நிண்டாலும் உள்ளுக்கு மெசின் குத்திற அளவு தான் அரிசி வெளிய வரும். அது மாதிரி 12 நிமிசம் பிடிக்கிற ஒரு கூடை இருந்தா மணித்தியாலத்துக்கு 5 குறூப் தான் அதைத் தாண்டும், மற்ற எட்டுக் கூடையும் எவ்வளவு கெதியா ஓடினாலும் பிரயோசனமில்லை. முதலாம் டீயில மணித்தியாலத்துக்கு 7 குறூப்பை விட்டா ரெண்டு குறூப் மிஞ்சும், ரெண்டு மணித்தியாலத்தில நாலு மிஞ்சும், கடைசியா வந்து நிக்கிறவனுக்கு 48 நிமிசம் காவல்.

நாங்கள் செய்தது ரெண்டே வேலை. கூடையைப் பிடுங்கி ஒரு இருபது அடி முன்னுக்கு நட்டம். ரெண்டாவது, முதல் எறியில குறூப்பில ஒராள் முன்னுக்குப் போய் ஓரமா நிண்டு தட்டு எங்க விழுகுது எண்டு பாக்கிறது. இப்ப அந்த இடம் 9 நிமிசத்துக்குள்ள முடியுது. உங்களுக்கு இன்னும் நாலு குறூப் நிக்குதெண்டா நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வாறீங்கள் போல, அது வேற கதை, கீழ சொல்லுறன்.

கேள்வி (பரந்தன், பேர் போட வேண்டாமாம்): ஞாயிறு பின்னேரம் எல்லாரும் ஒரே நேரத்துக்கு வாறாங்கள். ஆரை விடுறது, ஆரை மறிக்கிறது?

ஒருத்தரையும் மறிக்காதேங்கோ. எல்லாரும் முதலாம் கூடையில தான் துவங்கோணும் எண்டு ஆர் சொன்னது? ஒவ்வொரு கூடைக்கும் நாலு பேர் படி அனுப்புங்கோ, 36 பேர் ஆச்சு. எல்லாரும் போய் நிண்டாப் பிறகு ஒரு விசில். அஞ்சாவதில துவங்கினவை நாலாவதில முடிப்பினம். வெளிநாட்டுப் போட்டியளிலயும் உப்பிடித் தான், ஷொட்கன் ஸ்ராட் எண்டு சொல்லுறது, ஷொட்கன் எண்டா துவக்கு, எங்கட ஊரில அந்தப் பேரைக் கத்த வேண்டாம், விசில் காணும். கூடைக்கு 9 நிமிசம் எண்டா 81 நிமிசம், 4.30க்கு ஊதினா 6 மணிக்குள்ள முடியும், மார்கழி இருட்டுக்கும் தப்பலாம். 5 மணிக்கு வந்து நிண்டு கொண்டு இடைக்குள்ள பூருற ஆக்களுக்கு மட்டும் இடமில்லை, அதில நான் கண்டிப்பு.

நாலு பேருக்கு மேல எண்டா அஞ்சோட நிப்பாட்டுங்கோ. 1976இல துவங்கின பிடிஜிஏ எண்ட சங்கம் தான் இந்த விளையாட்டுக்குச் சட்டம் எழுதிறது, அவையின்ர போட்டியிலயும் குறூப்புக்கு அஞ்சு தான் கூடினது. எறியிறதுக்கு 30 செக்கன், தொலைஞ்ச தட்டைத் தேட 3 நிமிசம். இந்த 3 நிமிசத்தை மட்டும் ஒழுங்காப் பாத்தாலே பாதிக் கரைச்சல் தீரும்.

கேள்வி (ஒஸ்லோவிலயிருந்து ஒரு மச்சான், முல்லைத்தீவு ஆள்): இஞ்ச ஸ்தொவ்னர் கோர்ஸில சனிக்கிழமை எங்களுக்கு முன்னால 7 பேர் பாட்டுப் பெட்டியோட போறாங்கள். முன்னுக்கு ரெண்டு கூடை வெறுமையாக் கிடக்கு. எப்பிடிக் கேக்கிறது? கேட்டா நிறம் பாத்துக் கதைப்பாங்களோ எண்டும் ஒரு யோசினை.

மச்சான், அந்தக் கடைசி வரி எனக்கு விளங்குது. நானும் முதல் ரெண்டு வருசம் வாயே திறக்கேல்லை, பின்னால நிண்டு பெருமூச்சு விட்டது தான்.

முன்னுக்கு வெறுமையாக் கிடந்தாத் தான் கேக்க நியாயம், அதை முதல் பாரும். அவையளுக்கு முன்னாலயும் சனம் எண்டா தாண்டிப் போய் ஒரு பலனுமில்லை. வெறுமை எண்டா, அவை கூடையில போட்டு முடிச்சு அடுத்த டீக்கு நடக்கேக்க கிட்டப் போய், சிரிச்ச முகத்தோட, "நாங்கள் ரெண்டு பேர் தான், இதில விடுவியளோ" எண்டு கேளும். தூரத்தில நிண்டு கையைக் காட்டிறது, அவை எறியேக்க கூப்பிடுறது, இது ரெண்டும் செய்யாதேயும். ஒஸ்லோ எக்கபெர்க் கோர்ஸில நான் எத்தினையோ தரம் கேட்டிருக்கிறன், முக்காவாசிப் பேர் "ஐயோ சொறி, நீங்கள் நிக்கிறதே தெரியேல்லை" எண்டு விலகிறவை தான். ஒருக்கா ஒருத்தன் முறைச்சான். முறைச்சுப்போட்டு விட்டான்.

இன்னொண்டு, விட்டாப் பிறகு கெதியா எறிஞ்சுபோட்டுப் போம். வழி வாங்கிப்போட்டு ஆறுதலாச் சப்பாத்து லேஸ் கட்டிக் கொண்டு நிக்கிற எங்கட ஆக்களையும் நான் கண்டனான்.

கேள்வி (ஸ்காபரோவிலயிருந்து ஒரு அண்ணை): ஆகஸ்ட் லீவுக்கு 14 பேர் குடும்பமா வாறம், பிள்ளையளுக்கு உங்கட கோர்ஸைக் காட்டோணும். ஒண்டா விளையாடலாமோ?

வாங்கோ அண்ணை, ஆனா ஒண்டா ஏலாது. 14 பேர் ஒண்டாப் போனா ஒரு கூடைக்கு அரை மணித்தியாலம், ஊர்ப் பெடியள் உங்களுக்கு மரியாதைக்கு ஒண்டும் சொல்லாயினம், மனசுக்குள்ள திட்டுவினம். 4, 4, 3, 3 எண்டு பிரியுங்கோ, அடுத்தடுத்து நிக்காமல் இடையில ஊர்க் குறூப் ஒண்டை விடுங்கோ. இல்லாட்டி இன்னும் நல்லது, உங்கட பிள்ளையள் ரெண்டு பேர், ஊர்ப் பிள்ளையள் ரெண்டு பேர் எண்டு கலந்து விடுங்கோ. வரேக்க பழைய தட்டு நாலஞ்சு கொண்டு வந்தா புண்ணியமாப் போகும், இஞ்ச கடையில வாங்கேலாது, இப்ப ஒரு தட்டை மூண்டு பேர் மாறி மாறி எறியிறதாலயும் தான் நேரம் போகுது.

கேள்வி (மாங்குளம், ரீச்சர் ஒராள்): பொம்பிளைப் பிள்ளையள் விளையாட ஆசைப்படுகினம். சனம் கூடின நேரம் இடம் கிடைக்குதில்லை. தனி நாள் ஒதுக்கேலாதோ?

ரீச்சர், முதல் நானும் தனி நாள் தான் நினைச்சன், அக்காவின்ர மகள் தான் எனக்குப் பேசினவள். "மாமா, எறியிறது பிரச்சினையில்லை, முதலாம் டீயில காவல் நிக்கிற இருபது பெடியளும் பாத்துக் கொண்டு நிக்கிறாங்களே, அது தான் பிரச்சினை, முதல் எறி பிழைச்சா ஒரே சிரிப்பு" எண்டாள். எனக்கு அது தலையில ஏறவே இல்லை அது வரைக்கும். இப்ப அவையள் ஆறாம் கூடையில துவங்கினம், அது றோட்டுக்கும் கூட்டத்துக்கும் அங்கால, பாலை மரத்துக்குப் பின்னால. இப்ப பதினொரு பிள்ளையள் வருகினம், ரெண்டு பேர் என்னை வெல்லுகினம், அது வேற அரியண்டம். மாங்குளத்திலயும் உப்பிடி ஒரு மறைவான டீயைப் பாத்துப் போடுங்கோ.

கேள்வி (விசுவமடு): கிரிக்கெட் பெடியளோட ஒரே சண்டை. அவங்கள் பீல்டிங் நிக்கிற இடம் எங்கட அஞ்சாம் கூடை.

அவங்கள் முதல் வந்தவங்கள், அதை ஒத்துக்கொள்ளுங்கோ. மச் இருக்கிற நாளில அஞ்சையும் ஆறையும் மூடிப்போட்டு ஏழு கூடை விளையாடுங்கோ, ஒண்டும் குறைஞ்சு போகாது. டீயைப் போடேக்கயும் யோசியுங்கோ, வலக்கைக்காரர் கையை நெஞ்சுக்குக் குறுக்க மடிச்சுப் பின்கையால எறிஞ்சா தட்டு கடைசியில இடப்பக்கம் சரியும், அதனால கிரிக்கெட் வலப்பக்கம் இருக்கிறது நல்லது போல தெரியும். நம்பாதேங்கோ. புதுசா எறியிறவன் தட்டைப் பிந்தி விடுவான், அது வலப்பக்கம் பிச்சுக் கொண்டு நேர விக்கெற் கீப்பரிட்டப் போகும். தூரம் விடுறது தான் ஒரே வழி. சோளகம் அடிக்கிற ஆனி, ஆடியில இன்னும் கூட விடுங்கோ, எதிர்க் காத்துக்கு எறிஞ்ச தட்டு மேல கிளம்பி எங்க இறங்கும் எண்டு எறிஞ்சவனுக்கே தெரியாது.

கேள்வி (முறிகண்டி): ஆளுக்கு 100 ரூபா வாங்கினா சனம் குறையாதோ?

குறையும். ஆர் குறைவினம்? வெறுங்காலோட வாற சின்னப் பெடியள். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில குறொக்கொல் எண்டு காசு கட்டி விளையாடுற கோர்ஸ் இருக்கு, நல்ல இடம், நானும் போறனான், அங்க சம்பளத்துக்கு அது சரி. எக்கபெர்க், ஸ்தொவ்னர் எல்லாம் காசில்லாமல் சும்மா தான். நானெண்டா வாங்கமாட்டன்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): தட்டு காட்டுக்குள்ள போனா உள்ளுக்குப் போய்த் தேடலாமோ?

ஒட்டுசுட்டான் ஆளே இதைக் கேக்கிறியள். புடையன் கிடக்கும், யானை நிக்கும், அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மிதிவெடிப் பலகை எங்கயாவது நிண்டா அங்கால பக்கம் தட்டு இல்லை, தங்கமே விழுந்தாலும் விடுங்கோ. முகமாலைப் பக்கம் எத்தினை வருசமா நிலத்தைக் கிண்டினவை எண்டு கண்டனாங்கள் தானே. துருப்பிடிச்ச இரும்பு எதையும் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கோ. கோர்ஸ் போடேக்கயே பத்தைப் பக்கம் எறியாத மாதிரிப் போட்டா இந்தக் கேள்வியே வராது.

தட்டுக்கு அடியில பேரும் போன் நம்பரும் எழுதி வையுங்கோ, மாடு மேய்க்கிற ஆக்கள் எடுத்தா சொல்லுவினம். என்ர நீலத் தட்டு ரெண்டு கிழமை காணாமல் போய், கடைசியில ஒரு அம்மம்மா வீட்டு அடுப்படியில கண்டன், மோர்ச் சட்டிக்கு அளவெடுத்துச் செய்த மூடி மாதிரி இருந்தது. கேக்க மனம் வரேல்லை. நம்பர் அடியில இருந்தபடியா சட்டியைத் திறக்கிற நேரம் மட்டும் தான் தெரியும்.

கேள்வி (வட்டக்கச்சி, எங்கட ஊர்த் தம்பி தான்): அண்ணை, காலமை வந்தா சனம் இருக்காதோ?

6 மணிக்கு வா, நானும் இன்னும் ரெண்டு பேரும் தான். புல்லு ஈரம், தட்டு கையில வழுக்கும், துவாய் ஒண்டு கொண்டு வா. நாலாம் கூடைக்குக் கீழ நாய் குட்டி போட்டுக் கிடக்கு, அதை விட்டிட்டு அஞ்சுக்குப் போ.