பாவு விரிந்த தெருக்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாயக்கர் கால நகர வாழ்க்கை என்றால் மதுரை, தஞ்சாவூர் என்றே எழுதுகிறார்கள். சேலம் வெறும் கிராமமாகக் கிடந்தது, ரயில் வந்த பிறகுதான் ஊரானது என்று என் ஆசிரியர் சொல்வார். உண்மையா?

வாசகர், குகை, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

உண்மையில்லை. 1860களில் ரயில் வந்தபோது நிலையம் சூரமங்கலத்தில் அமைந்தது. ஊர் அதற்குக் கிழக்கே முன்பே இருந்தது. 1792இல் போருக்குப் பின் திப்பு சுல்தான் சேலத்தையும் பாராமகாலையும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தபோதே இங்கே தறியும் சந்தையும் ஓடிக்கொண்டிருந்தன. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை என்ற பெயருக்குள்ளேயே ஒரு செவ்வாய்க்கிழமைச் சந்தை இருக்கிறதே!

நீங்கள் நெசவாளர் பகுதியான குகையில் இருந்துகொண்டு இதைக் கேட்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாவடி என்ற சொல்லை வீட்டில் கேட்டிருப்பீர்கள். துணியின் நீளவாக்கு இழைகளான பாவைப் போடும் இடம் அது. விடியற்காலையில் பாவைத் தெரு நீளத்துக்கு விரித்து, இரு முனையும் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, இழையோடு இழை ஒட்டாமல் தூரிகையால் நீவுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலையில்லை. இன்று என் பாவுக்கு நீ வந்தால் நாளை உன் பாவுக்கு நான் வருவேன். ஒரே தொழில்காரர்கள் ஒரே தெருவில் நெருங்கி வாழ்ந்ததற்குச் சாதி ஒரு காரணம் என்றால், இந்தக் கைமாற்று உழைப்பு இன்னொன்று. அதனால்தான் ஒரு தெருவில் சௌராஷ்டிரம், அடுத்ததில் தேவாங்கர்களின் கன்னடமோ தெலுங்கோ, அதற்கடுத்து செங்குந்தர்களின் தமிழ் என்று கேட்கிறது. நெசவுத் தெரு நேராகவும் நீளமாகவும் இருப்பதற்கும் பாவுதான் காரணம்.

அரசு இந்த வீடுகளை நன்றாகவே அறிந்திருந்தது. விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் தறிக்கடமை என்ற வரி வருகிறது. குடும்பம் உறங்கும் கூடத்தில்தான் தறியும் இருக்கும், ஆகவே வரிக்காரனின் கணக்கு வீட்டுக்குள்ளேயே நுழைந்தது.

பழைய வீடு ஒன்றில் தறிக்குழியைப் பார்த்தேன். நெசவாளர் தரையில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடும் பள்ளம். மண்ணின் ஈரம் இழை அறாமல் காக்கும் என்றார் அந்த வீட்டுப் பெரியவர். பல தலைமுறைகள் உட்கார்ந்து எழுந்ததில் குழியின் விளிம்பு வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கையால் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

உங்கள் தெருவில் எண்பது வயதுக்காரர்கள் இருந்தால், பாவு எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை விரிந்தது என்று கேட்டு எழுதுங்கள். அப்போது அங்கே எந்த மொழி பேசினார்கள் என்பதையும் சேர்த்து.