தோட்டாவின் பித்தளைக் கழுத்தும் வீட்டுச் செம்பின் கழுத்தும் ஏன் பிளக்கின்றன?

கேள்வி இது: "துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கழுத்துச் சுருக்கி, வேறு அளவுக் குண்டுக்கு மாற்றுகிறார்கள் என்று படித்தேன். பித்தளை எப்படிக் கிழியாமல் வருகிறது? சில தோட்டாக்கள் சும்மா வைத்திருக்கும்போதே கழுத்தில் பிளந்துவிடுமாமே, ஏன்? எங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பும் அலமாரியில் இருந்தபடியே கழுத்தில் பிளந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?"

உண்டு, நெருங்கிய தொடர்பு. மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூரில் நான் டை, அதாவது உலோகத்தை அமுக்கி வடிவம் கொடுக்கும் அச்சு, செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி, கிண்ணமாக இழுத்து, வாயைச் சுருக்கும் டைகள்தான் என் பிழைப்பு. தோட்டா வேலை நான் செய்வதில்லை. ஆனால் தோட்டாக் கூடும் இதே வழியில் பிறக்கிற பண்டம் என்பதால் அதைப் பற்றி விரும்பிப் படித்து வருகிறேன். உலோகத்துக்குத் தான் குடமாகப் போகிறோமா கூடாகப் போகிறோமா என்று தெரியாது.

படித்துவிட்டு யாரும் கை வைத்துவிடக் கூடாது என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தோட்டா தயாரிக்கவும் மாற்றவும் தனி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் அதற்குப் போதாது. வெளிநாடுகளில், முக்கியமாக அமெரிக்காவில், இது வீட்டு மேசையில் நடக்கும் பொழுதுபோக்கு. கீழே வருவது அங்கே நடக்கும் வேலையின் விளக்கம்.

எந்தக் கம்பெனியும் விற்காத, ஆர்வலர்கள் தாங்களே உருவாக்கிக்கொள்ளும் தோட்டா அளவுக்கு அங்கே வைல்ட்கேட் என்று பெயர். ஏற்கெனவே கிடைக்கும் ஒரு கூட்டின் உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் சிறிதாக்குவார்கள். வெடிமருந்து கிட்டத்தட்ட அதே அளவு, குண்டு மட்டும் எடை குறைவு. அதனால் வேகம் கூடும். கம்பெனிகளே இந்த வழியில் போயிருக்கின்றன. (கீழே வரும் பெயர்களில் புள்ளிக்குப் பின் முதலில் உள்ள எண், தோராயமாகக் குண்டின் விட்டம், அங்குலக் கணக்கில்.) 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த .30-06 கூட்டிலிருந்து 1925-இல் .270 வின்செஸ்டர் வந்தது. 1952-இல் வந்த .308 வின்செஸ்டரின் கழுத்தைச் சுருக்கி 1955-இல் .243 கொண்டுவந்தார்கள். .22-250 என்ற அளவு 1930-களிலிருந்து ஆர்வலர்கள் கையிலேயே இருந்து, 1965-இல்தான் ரெமிங்டன் கம்பெனியின் பட்டியலில் ஏறியது. சட்டமும் சில அளவுகளை வளர்த்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ராணுவ அளவுகளுக்குக் கட்டுப்பாடு இருந்த இடங்களில் .303 கூட்டைச் சுருக்கி .25 குண்டு வைத்தார்கள். இங்கே .303 பொதுமக்களுக்குக் கிடையாது என்பதால் .315 ரைபிள் பரவியதும் இதே மாதிரிக் கதைதான்.

சரி, வேலைக்கு வருவோம். .308 குண்டின் விட்டம் 7.82 மி.மீ., .243 குண்டு 6.17 மி.மீ. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருக்க வேண்டும். கூட்டைத் துடைத்து, வெளிப்பக்கம் மெல்லியதாக மசகு தடவி, கைப்பிடிப் பிரஸ்ஸில் வைத்து டைக்குள் ஏற்றுவார்கள். ஐந்தில் ஒரு பங்கை ஒரே டையில் எடுக்கலாம் என்று சிலர் துணிவார்கள். நான் இரண்டு மூன்று டைகளில் படிப்படியாக எடுப்பவர்கள் பக்கம். மெல்லிய குழாயை வெளியிலிருந்து அமுக்கும்போது, நடுவில் தாங்கல் இல்லாவிட்டால் அது மடியத்தான் பார்க்கும். மசகு குறைந்தால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும். கூடினாலோ அந்த எண்ணெய்க்குப் போக இடமில்லாமல் தோள்பட்டையில், அதாவது உடம்பு கழுத்தாகக் குறுகும் சரிவில், ஒடுக்கு விழும். எங்கள் பட்டறையில் சொம்பு வாய் சுருக்கும்போதும் இதே ஒடுக்கு விழும், காரணமும் இதேதான்.

கிழியாமல் வருவதற்குக் காரணம் கலவை. தோட்டாக் கூட்டில் 70 பங்கு தாமிரம், 30 பங்கு துத்தநாகம். சாதாரணமாகக் கிடைக்கும் பித்தளைகளில் குளிர்ந்த நிலையில் இவ்வளவு இழுபடுவது வேறு இல்லை என்றே சொல்லலாம். தடித்த வட்டத் தகடு கிண்ணமாகி, கிண்ணம் நீண்ட குழாயாகி, கடைசியில் வாய் சுருங்கிக் கழுத்தாகிறது. ஆனால் ஒவ்வொரு இழுப்பிலும் பித்தளை இறுகிக்கொண்டே போகும். ஒரு எல்லைக்கு மேல் அதை அசைத்தால் பிளந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் சூடு காட்டி இளக்குகிறார்கள். அனீலிங் என்பது அதுதான்.

இந்த இளக்கும் வேலைதான் விஷயத்தின் உயிர் என்பது என் எண்ணம். கழுத்தை அமுக்க ஒரு பிரஸ்ஸும் ஒரு கையும் போதும். கூட்டின் எந்த இடம் மிருதுவாக இருக்க வேண்டும், எந்த இடம் இறுகியே இருக்க வேண்டும் என்பதைக் காப்பாற்றுவதில்தான் திறமை இருக்கிறது. கழுத்தும் தோள்பட்டையும் இளக வேண்டும். அடிப்பாகம் இளகவே கூடாது. சுடும்போது .30-06 போன்ற தோட்டாவுக்குள் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை அழுத்தம் ஏறலாம். அந்த நேரத்தில் அடிப்பாகம் மிருதுவாக இருந்தால் அது விரிந்து கொடுத்துவிடும். கொதிக்கும் வாயு பின்னால் வரும். பின்னால் இருப்பது சுடுபவரின் முகம்.

அதனால் கூட்டின் கீழ்ப்பாதியைத் தண்ணீரில் நிற்க வைத்து, மேலே கழுத்துக்கு மட்டும் சில நொடிகள் சுவாலை காட்டுவது பழைய முறை. 250 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகின பித்தளை இளகுவதில்லை. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் அடிப்பாகத்துக்கு அதுவே காவல். கழுத்துக்கு 400 டிகிரிக்கு மேல் வேண்டும். அதற்காக ஒரேயடியாகக் காய்ச்சவும் கூடாது. வெளிச்சத்தில் பளிச்சென்று சிவப்பாகத் தெரிந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். உலோகத்துக்குள் இருக்கும் மணிகள், அதாவது நுண்ணிய படிகங்கள், பெருத்து, கழுத்து தளர்ந்து, குண்டைப் பிடிக்கும் தெம்பை இழந்துவிடும். அப்படிப் போன கழுத்தைத் திரும்ப இறுக்க, மறுபடி அமுக்கி இழுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. பழைய பட்டறைகளில் உலைப்பக்கம் இருட்டாகவே வைத்திருப்பார்கள். மங்கலான சிவப்பு முதலில் எட்டிப் பார்க்கும் நொடியைக் கண் பிடிக்க வேண்டுமே!

சூடான கூட்டைத் தண்ணீரில் போட்டால் இறுகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. எஃகில் பழகியவர்களுக்கு வரும் சந்தேகம் அது. பித்தளைக்கு அந்தக் குணம் இல்லை. தண்ணீரில் போட்டாலும் காற்றில் ஆறவிட்டாலும் ஒரே மிருதுதான்.

ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு கறை இருக்கும். அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்து இளக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. கடையில் விற்கும் தோட்டாக்களில் அதை மெருகு போட்டு நீக்கிவிடுகிறார்கள், ராணுவத்தில் அப்படியே விடுகிறார்கள்.

சுருக்கும்போது உலோகம் எங்கும் காணாமல் போவதில்லை. கழுத்துச் சுவர் சுமார் 0.4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் மாறாமல் .308-ஐ .243 ஆக்கினால் சுவர் 0.5 மி.மீ. ஆகிவிடும். நிஜத்தில் கொஞ்சம் நீளமாகவும் கொஞ்சம் தடிப்பாகவும் பிரிந்து போகும். நீளத்தை வெட்டிவிடலாம், சுலபம். தடிப்புதான் ஆபத்து. சுடும் கணத்தில் கழுத்து சற்று விரிந்தால்தான் குண்டை விடும். தடித்த கழுத்து சேம்பரில் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையில்) இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால் விரிய இடமில்லை, அழுத்தம் தறிகெட்டு ஏறும். அதனால் கழுத்தின் வெளிப்புறத்தைச் சீவி எடுப்பார்கள், அல்லது உள்ளே ரீமர் (துளை சீவும் கருவி) விட்டுத் துளையைச் சீராக்குவார்கள். தோள்பட்டையும் கழுத்தும் சேரும் இடத்தில் உள்பக்கம் ஒரு வளையம் தடித்து நிற்கும், அதையும் கவனிக்க வேண்டும். தோள்பட்டை எந்த உயரத்தில் விழுகிறது என்பதும் பெரிய சங்கதிதான், அதற்குத் தனிப் பதிலே வேண்டும்.

இனி உங்கள் செம்புக்கு வருகிறேன். இந்தப் பிளவின் வரலாறே இந்தியாவில்தான் தொடங்குகிறது. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை விட்டு எடுத்துப் பார்த்தால் யாரும் தொடாத கூடுகளில் விரிசல். சீசன் கிராக்கிங் (பருவ விரிசல்) என்று பெயர் வைத்தார்களே தவிர, காரணம் வெகுகாலம் பிடிபடவில்லை. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரின் 1921-ஆம் ஆண்டு ஆய்வு அதை விளக்கியது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, மழைக்காலத்து ஈரம், பித்தளைக்குள் தங்கிப்போன இழுவிசை ஆகிய மூன்றும் ஒன்றுசேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் விரிசல் விழாது.

அந்த உள்விசை எங்கிருந்து வருகிறது? டையில் அமுக்கிய பித்தளை, அமுக்கத்தை விட்டதும் கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். எல்லாப் பகுதியும் சமமாகத் திரும்ப முடியாது. ஒரு பகுதி மற்றொன்றை இழுத்தபடியே நின்றுவிடும். தோட்டாவில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. குண்டைவிட ஒரு மயிரிழை சிறிதான கழுத்துக்குள் குண்டை அமுக்கி வைப்பதால், கழுத்து வருடக்கணக்கில் விரிந்த நிலையிலேயே நிற்கிறது. அங்கே அம்மோனியா வந்தால் அது பித்தளையில் உள்ள தாமிரத்தைக் கரைத்துக்கொண்டு மணிகளின் ஓரமாக உள்ளே நுழையும். இளக்காத கழுத்து முதலில் போகும். இளக்கின கழுத்தில் அந்த விசை பெரும்பாலும் கரைந்துவிட்டது என்பதால் அது தாக்குப்பிடிக்கும். 250 முதல் 300 டிகிரி வரை ஒரு மணி நேரம் வைத்தாலே போதும், இறுக்கம் குறையாமல் உள்விசை மட்டும் பெருமளவு தணிந்துவிடும். வைல்ட்கேட் செய்பவர்கள் அம்மோனியா கலந்த பாலிஷைக் கூட்டின் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று சொல்வது இதனால்தான். கறை போக அவர்கள் சிட்ரிக் அமிலம் போடுகிறார்கள். நம் வீட்டில் புளி போட்டுத் துலக்குவதும் அதே வகை வேலை. புளியால் செம்பு வெடிக்காது.

வெண்கலக்கடைத் தெருவில் இன்று வாங்கும் லேசான சொம்பு, செம்பு எல்லாம் பெரும்பாலும் தகட்டை அமுக்கியும் லேத்தில் சுழற்றி ஒடுக்கியும் செய்தவை. கழுத்துதான் அதிகம் ஒடுக்கப்பட்ட இடம். ஒடுக்கியபின் சூடு காட்டாமல் மெருகு போட்டு விற்றுவிட்டால், உள்விசையோடுதான் உங்கள் வீட்டுக்கு வருகிறது. கையால் தட்டிச் செய்த பழைய பாத்திரங்களில் இது குறைவாகத் தெரிவதற்குக் காரணம், அவற்றைத் தட்டத் தட்ட உலையில் காட்டிக்கொண்டே இருந்ததுதான் என்று நான் நினைக்கிறேன். அலமாரியில் அம்மோனியா எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறை, கழிப்பறைச் சுவர், தரை துடைக்கும் சில திரவங்கள், மூட்டை கட்டி வைத்த உரம் என்று வழிகள் நிறைய. ஈயம் பூசும்போது தூவும் நவச்சாரமும் அம்மோனியா உப்புதான், அதனால் ஈயம் பூசி வாங்கியதும் உள்ளும் புறமும் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள்.

பிளந்த செம்பைப் பற்றவைக்கக் கொடுத்தால், விரிசல் முடியும் நுனியில் ஒரு சின்னத் துளை போட்டுவிட்டுப் பற்றவைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விரிசல் பற்றையும் தாண்டி ஓடும். பற்று வைத்தபின் கழுத்து முழுவதையும் சுற்றிச் சமமாகச் சூடு காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து ஆறினால் புதிதாக ஓர் உள்விசை உட்கார்ந்துகொள்ளும்.