விலைப்பட்டியல் ஏறாததற்குக் காரணம் கோப்பின் பெயர்

வணக்கம் சார். தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்தில் எக்செல் விலைப்பட்டியல் ஏறவே இல்லை, அதற்குள் கெடு நேரமான மூன்று மணி ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கோப்பின் பெயரோடு உங்கள் நிறுவனப் பெயரைச் சேர்த்ததாக நடுவில் ஒரு வரி இருக்கிறதே, சிக்கல் அங்கேதான். இறக்கிய அதே பெயரில்தான் அது திரும்ப ஏற வேண்டும். எக்செல் திறக்கும்போது கேட்கும் மேக்ரோவை (கோப்புக்குள் தானாக இயங்கும் நிரல்) இயங்க விட்டு, நிரப்பச் சொன்ன கட்டங்களை மட்டும் நிரப்புங்கள்.

போன டெண்டர் போனதுதான். கெடுவுக்குக் கணக்கு தளத்தின் சர்வர் காட்டும் நேரம்தான். பெட்டியில் உறை போட்ட காலத்தில் கிளார்க்கிடம் இரண்டு நிமிடம் கெஞ்சலாம், சர்வரிடம் முடியாது.

அடுத்த முறை முந்தின நாளே சமர்ப்பித்துவிடுங்கள். கெடு முடியும்வரை விலையைத் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம். ஆனால் 'வித்ட்ரா' பொத்தானை மட்டும் தொடாதீர்கள், அப்புறம் அந்த வேலைக்கு விலை போடவே முடியாது. ஜிஎஸ்டி, பான், ஒப்பந்ததாரர் பதிவுச் சான்றுகளைக் கறுப்பு வெள்ளையில் 100 டிபிஐயில் ஸ்கேன் செய்து 'மை ஸ்பேஸ்' பகுதியில் இப்போதே ஏற்றி வையுங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (கணினியில் செருகும் சிறு யுஎஸ்பி கருவி) உங்கள் கையிலேயே இருக்கட்டும். நான் பிரவுசிங் சென்டரில் கொடுத்து வைத்திருந்தேன். கடைசி நாளன்று கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.