வேலையாளின் அட்வான்ஸை நீங்கள் கட்டாதீர்கள்

கேள்வி: பெரம்பூரில் 84 வீடுகள் உள்ள குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். துப்புரவு வேலைக்கு ஒரு ஏஜென்சி நாலு பேரை அனுப்புகிறது. தலைக்கு மாதம் 12,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து. 12 மணி நேர வேலை, வார லீவு கிடையாது. இரண்டு பேர் வியாசர்பாடிப் பெண்கள். மற்ற இருவர் ஒடிசாவிலிருந்து வந்த கணவன் மனைவி; மோட்டார் ரூமில் தங்கியிருக்கிறார்கள். போன வாரம் அந்தப் பெண் காய்ச்சல் மாத்திரை வாங்க என் மனைவியிடம் 100 ரூபாய் கேட்டார். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லையாம். ஆதாரும் ஏடிஎம் கார்டும் சூப்பர்வைசர் கையில். 30,000 ரூபாய் அட்வான்ஸ் தீர்ந்தால்தான் ஊருக்கு விடுவார்களாம். வீட்டுக்கு 360 ரூபாய் போட்டுக் கடனை அடைத்துவிட்டு ஏஜென்சியை மாற்றிவிடலாம் என்கிறார்கள் கமிட்டியில். செய்யலாமா?

பதில்: ஐயா, நல்ல மனதோடு யோசித்திருக்கிறீர்கள். ஆனாலும் இரண்டையும் இப்போது செய்யாதீர்கள்.

அந்த 30,000 ரூபாய் சட்டத்தின் கண்ணில் கடனே இல்லை. அட்வான்ஸ் கொடுத்து, அதைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமலோ, நினைத்த இடத்துக்குப் போகவிடாமலோ, சரியான கூலி கொடுக்காமலோ வைத்திருந்தால் அதற்குப் பெயர் கொத்தடிமை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அப்படிப்பட்ட கடனை அடியோடு ரத்து செய்துவிட்டது. ரத்தான கடனுக்குப் பணம் வாங்குவதே குற்றம்; மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. நீங்கள் வசூல் செய்து கொடுத்தால் குற்றம் செய்தவருக்குக் கூலி கொடுத்த மாதிரி ஆகும். அவர் அடுத்த ரயிலில் இன்னொரு ஜோடியை இறக்குவார்.

செங்குன்றம் அரிசி ஆலை, திருவள்ளூர் செங்கல் சூளை என்றே செய்திகளில் படித்துப் பழகிவிட்டதால், லிஃப்ட் வைத்த அபார்ட்மென்டில் கொத்தடிமை இருக்கும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. பூட்டிய கதவும் அடியாளும் இருக்க வேண்டியதில்லை. ஒரு கணக்கு நோட்டு போதும். மணலிப் பக்கம் ஒரு வழக்கில் சூப்பர்வைசரின் நோட்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டு. முதல் வரியில் அட்வான்ஸ் 30,000. கீழே ரயில் டிக்கெட், ரூம் வாடகை, யூனிஃபார்ம், அரிசி. காய்ச்சலில் படுத்த நாளுக்கு 'லீவு ஃபைன்' 500. பதினாலு மாதம் வேலை செய்த பிறகு பாக்கி 34,600 என்று முடிந்திருந்தது. உழைக்க உழைக்கக் கடன் ஏறியிருக்கிறது. அந்த மனிதருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பக்கத்திலும் கைநாட்டு.

ஏஜென்சியை உடனே மாற்றினால் என்ன நடக்கும்? அன்று இரவே வேன் வரும், இருவரையும் வேறு சைட்டுக்கு ஏற்றிப் போய்விடுவார்கள். பிறகு உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் முதலில் உங்கள் மனைவி அந்தப் பெண்ணோடு தனியாகப் பேசட்டும். ஒடியா தெரிந்தவர், இல்லாவிட்டால் இந்தி தெரிந்தவர் உடன் இருக்கட்டும். சூப்பர்வைசரை மட்டும் மொழிபெயர்க்கக் கூப்பிடாதீர்கள். 'நல்லா இருக்கோம்' என்ற ஒரே பதில்தான் வரும். ஊருக்குப் போக ஆசையா, இங்கேயே நல்ல சம்பளத்தில் இருக்க ஆசையா என்று கேட்டு, அவர்கள் விருப்பப்படி அடுத்த அடி வையுங்கள்.

புகார் போக வேண்டிய இடம் கலெக்டர் அலுவலகம், அல்லது உங்கள் வருவாய் கோட்டாட்சியர். ராஜாஜி சாலையில் கலெக்டர் அலுவலகம் இருக்கும் கட்டிடத்துக்குச் சிங்காரவேலர் பெயர். 1923இல் இந்த ஊரில் மே தினக் கொடி ஏற்றியவர் அவர். அந்தப் படியேறத் தயங்காதீர்கள். எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். விசாரணையில் உறுதியானால் விடுதலைச் சான்றிதழ் கிடைக்கும். அந்தத் தாள் மிக முக்கியம். கடன் ரத்தானதற்கு அதுதான் அத்தாட்சி. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. முழுத் தொகை வழக்கு முடிவைப் பொறுத்தது. உடனடி உதவித்தொகைக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. இது கொத்தடிமைக் கடனே இல்லை என்று ஏஜென்சி சாதித்தால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் சட்டப்படி அவர்களுடையது. சட்ட உதவிக்கு 15100, இலவசம்.

மூன்று மாதச் சம்பளத்துக்கு வருகிறேன். இது உங்களுக்குக் கசக்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின் 43ஆம் பிரிவுப்படி, கான்ட்ராக்டர் கொடுக்காத கூலிக்கு வேலை நடக்கும் இடத்தின் உடைமையாளர் பொறுப்பு. சங்கம் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இருக்கிறது. ஏஜென்சி பில்லை நிறுத்திவைத்து, கூலியை அவர்கள் கையில் சேருங்கள். ஏடிஎம் கார்டு சூப்பர்வைசரிடம் இருக்கும்வரை பழைய கணக்கில் போடாதீர்கள்.

அந்த 12,000 ரூபாயையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி போனால் 10,169. இதில் முதலாளி பங்காக பிஎஃப் 13, ஈஎஸ்ஐ 3.25, போனஸ் 8.33 சதவீதம் எடுத்துவைத்தால் சம்பளத்துக்கு மிஞ்சுவது சுமார் 8,160. மாதம் 360 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 23 ரூபாய். ஏஜென்சிக்கு லாபம், பினாயில், துடைப்பம் எதுவும் இதில் இல்லை. கொட்டேஷனில் கையெழுத்துப் போட்ட அன்றே யாரோ ஒருவர் வயிற்றில் அடிபடும் என்பது தெரிந்திருக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில். ஆகவே தினமும் வீட்டுக்குப் போய்வரும் வியாசர்பாடி அக்காக்களின் சம்பளத்தையும் விசாரியுங்கள். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு விலைவாசிக்கேற்பச் சேரும் பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1ஆம் தேதியும் மாறும். தொழிலாளர் நலத்துறை இணையதளத்தில் இந்த வேலைக்கான கூலி விகிதத்தைப் பார்த்து, அதற்குக் கீழே வரும் கொட்டேஷனைப் பிரிக்காமலே ஒதுக்குங்கள். புது ஒப்பந்தத்தில், போன மாதச் சம்பளம் வங்கியில் ஏறிய விவரமும் பிஎஃப், ஈஎஸ்ஐ கட்டிய ரசீதும் காட்டினால்தான் இந்த மாத பில் பாஸ் ஆகும் என்று எழுதுங்கள். 7ஆம் தேதிக்குள் சம்பளம் போயிருக்க வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: கழிவுநீர்த் தொட்டி அடைத்தால் இவர்களை உள்ளே இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் 2013 சட்டப்படி இறக்கியவர் குற்றவாளி. 14420க்கு போன் செய்தால் லாரி வரும்.

காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே. ஒரு வாரம் ஆகிவிட்டது. ஏஜென்சியிடம் ஈஎஸ்ஐ எண் கேளுங்கள். இருந்தால் பக்கத்தில் அயனாவரம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி. எண் இல்லை என்று இழுத்தடித்தால் காத்திருக்க வேண்டாம், இன்று சாயங்காலமே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மோட்டார் ரூமிலிருந்தும் அவர்களை இன்றே மாற்றுங்கள், ஐயா. அந்த அறையின் சாவி உங்கள் சங்கத்திடம்தான் இருக்கும்.